பச்சைப் புள்ளி சொல்லாத சேதி

சைவமா, அசைவமா என்று விசாரிக்கத் தலைநகரம் தவறுவதில்லை. சாத்தே குழம்பில் என்னதான் கலந்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

தில்லியின் தென்மேற்கு மூலையில் உள்ள துவாரகாவில், கூட்டுறவுக் குடியிருப்பு ஒன்றின் சமுதாயக் கூடம். பிறந்தநாள் விருந்து. பாவ்பாஜி, சவ்மீன், ஆலு டிக்கி என்று வழக்கமான வரிசையின் கடைசியில் புதுவரவாக ஒரு கரி அடுப்பு. மூங்கில் குச்சிகளில் கோத்த பன்னீர்த் துண்டுகள் அதன்மேல் புரண்டுகொண்டிருந்தன. 'வெஜ் சாத்தே' என்று எழுதிய அட்டை. அதன் மூலையில் அக்கறையாக வரையப்பட்ட ஒரு பச்சைப் புள்ளி. பக்கத்தில் பெரிய கிண்ணம் நிறையப் பழுப்பு நிறக் குழம்பு. வேண்டியவர்கள் வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வரிசையில் நின்ற எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு நிலக்கடலை ஆகாது. மூன்று வயதில் கடலை மிட்டாய் தின்று முகம் வீங்கிய நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்குள் கடலை வருவதில்லை. கும்பகோணத்துக்காரரான அவனுடைய அம்மா அடுப்பருகே நின்றவரிடம், ''இதில் நட்ஸ் இருக்கிறதா?'' என்று இந்தியில் கேட்டார். ''இல்லை மேடம், ப்யூர் வெஜ்'' என்று பதில் வந்தது.

இரண்டாவது குச்சி முடிவதற்குள் பையனின் உதடு தடித்துவிட்டது. பிறகு இருமல். கழுத்திலும் வயிற்றிலும் சிவந்த தடிப்புகள். கால் மணி நேரத்தில் மூச்சில் விசில் சத்தம் கேட்டது. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் அலர்ஜி சிரப்பை அம்மா புகட்டினார். பயனில்லை. அதே குடியிருப்பில் வசிக்கும் நான் காரை எடுத்தேன். மருத்துவமனையின் அவசரப் பிரிவில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் அவன் முகத்தில் நிறம் திரும்பியது. ஓர் இரவு அங்கேயே வைத்திருந்து மறுநாள் அனுப்பினார்கள்.

அடுப்பருகே நின்றவர் பொய் சொல்லவில்லை. வினோதமே அதில்தான் இருக்கிறது. வட இந்தியச் சமையல்காரர் ஒருவருக்கு 'நட்ஸ்' என்றால் காஜு, பாதாம், பிஸ்தா, அக்ரோட். மூங்ஃபலி அந்தப் பட்டியலில் கிடையாது. குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் மண்சட்டி நெருப்போடு விற்கும் சாதாரணப் பண்டம் அது. தாவரவியலும் அவர் பக்கமே பேசுகிறது: நிலக்கடலை உண்மையில் கொட்டை அல்ல, அவரையையும் உளுந்தையும் போலப் பயறு வகை. போதாக்குறைக்கு, தில்லியில் உணவைப் பற்றி வழக்கமாகக் கேட்கப்படும் ஒரே கேள்விக்கு அவர் சரியாகவே பதில் சொன்னார். பையனுக்குத் தேவைப்பட்ட கேள்வி வேறு.

சாத்தே இங்கே அந்நியப் பண்டம். ஆனால் தமிழர்களுக்கு அவ்வளவு அந்நியமில்லை. 'சதை' என்ற தமிழ்ச் சொல்தான் மலாய் மொழியில் 'சாத்தே' ஆனது என்று ஒரு கருத்து உண்டு. நிரூபணமானதல்ல, ஆனால் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் அதை விருப்பத்துடன் சொல்வார்கள். அரபு, இந்திய முஸ்லிம் வணிகர்கள் கொண்டுவந்த கபாப் ஜாவாவில் உருமாறி இப்படி ஆனது என்பது உணவு வரலாற்றாசிரியர்கள் பலரின் கணிப்பு. அங்கிருந்து மலாய் நாட்டுக்கு வந்தது. கோலாலம்பூருக்குத் தெற்கே உள்ள காஜாங் நகரம் இன்று சாத்தேவுக்காகவே அறியப்படுகிறது. மஞ்சள், எலுமிச்சைப்புல், கொத்தமல்லி, சீரகம், சோம்பு, சின்ன வெங்காயம், கொஞ்சம் சர்க்கரை சேர்த்து அரைத்த மசாலாவில் கோழி, மாட்டு அல்லது ஆட்டு இறைச்சியை ஊறவைத்துக் கரியில் வாட்டுவார்கள். எலுமிச்சைப்புல்லின் தண்டை நசுக்கித் தூரிகையாக்கி எண்ணெய் தடவுவார்கள். தொட்டுக்கொள்ள 'குவா கச்சாங்', அதாவது கடலைக் குழம்பு. கூடவே வெள்ளரிக்காய், வெங்காயம், அச்சில் இறுகிய சோறு.

மலாய் மொழியில் பயறுக்கும் கடலைக்கும் 'கச்சாங்' என்று பெயர். இலங்கைத் தமிழர்கள் நிலக்கடலையைக் 'கச்சான்' என்பது அதன் உறவாகவே படுகிறது. வட தமிழகத்தில் அதுவே மணிலாக்கொட்டை, மல்லாட்டை. எல்லாப் பெயர்களும் கடல் கடந்து வந்தவை. கடலையே தென் அமெரிக்காவில் பிறந்து, ஐரோப்பியக் கப்பல்களில் ஆசியாவுக்கு வந்த பயிர்தானே. சீனாவுக்கு அடுத்தபடியாக அதை மிக அதிகம் விளைவிக்கும் நாடு இப்போது இந்தியா.

கடலை மட்டுமே பிரச்னை என்றால் சமாளித்துவிடலாம். சாத்தேயின் சிக்கல் அதன் குழம்பில் ஒளிந்திருக்கும் மற்ற சமாச்சாரங்கள். வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் செய்முறை மாறும். சில மலாய்ச் சமையலறைகளில் பெலாச்சான் சேர்ப்பார்கள். பொடி இறாலை உப்பிட்டுப் புளிக்கவைத்துக் காயவைத்த கட்டி அது. நம் ஊர்க் கருவாட்டுக்கு நெருங்கிய சொந்தம், வாசனை அதைவிட ஒரு படி மேல். இந்தோனேசிய முறையில் இனிப்புச் சோயா சாறு ஊற்றுவார்கள். சோயா சாற்றில் பெரும்பாலும் கோதுமையும் இருக்கும். தாய்லாந்துப் பாணியில் தேங்காய்ப் பாலும் மீன் சாறும் சேரும். சில இடங்களில் குழம்பு கெட்டியாவதற்குக் கெமிரி என்ற மரக்கொட்டையை அரைத்துவிடுவதுண்டு.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் வெளியிட்ட விதிமுறைகள் ஒவ்வாமைப் பொருள்கள் என எட்டு வகைகளைப் பட்டியலிடுகின்றன: குளூட்டன் உள்ள தானியங்கள், இறால்-நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட சல்ஃபைட். பன்னீர் சாத்தே ஒரு தட்டில் இந்த எட்டில் ஆறு வகைகள் இருக்கச் சாத்தியமுண்டு. ஒரு சிறு குச்சிக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

அந்த ஆறில் இரண்டு, இறாலும் மீனும், ஒவ்வாமை இல்லாதவர்களுக்கும் கவலை தரக்கூடியவை. பன்னீரைக் குச்சியில் குத்திவிட்டால் அது 'வெஜ்' ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் குழம்பை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வாங்கும் ஆயத்தக் குழம்பிலோ கறி விழுதிலோ இறால் கட்டி கலந்திருந்தால், பச்சைப் புள்ளிக்குக் கீழே ஒரு வைஷ்ணவர் இறால் சாப்பிட்டு எழுந்து போவார். அவருக்கு உடம்பு ஒன்றும் செய்யாது. விஷயம் தெரிந்தால் மனது செய்யும். ஜைனர்களுக்கு வெங்காயமும் பூண்டும் போதும், மசாலாவிலேயே தட்டு விலக்காகிவிடும். மலேசியாவில் இதே குச்சி வேறு கேள்விகளை எழுப்புகிறது. கோழி சாத்தேயும் மாட்டு சாத்தேயும் ஒரே கரியில், ஒரே எண்ணெய்த் தூரிகையின் கீழ் வேகும்போது மாட்டிறைச்சி உண்ணாத தமிழ் இந்து என்ன செய்வது? சிங்கப்பூரில் ஹைனான் சீனர்கள் பன்றி இறைச்சியில் சாத்தே போடுவார்கள், முஸ்லிம்கள் அந்தப் பக்கம் போவதில்லை. கடற்கரையோர எஸ்பிளனேடில் 1995 வரை இயங்கிய 'சாத்தே கிளப்'பில் காலிக் குச்சிகளை எண்ணித்தான் காசு வாங்குவார்கள் என்று பழைய ஆட்கள் ஆசையாக நினைவுகூர்வார்கள். குழம்பைப் பொதுக் கிண்ணத்தில் வைப்பதும் சாத்தேக் கடைகளின் பழைய பழக்கம். ஒவ்வாமை உள்ளவருக்கு அந்தக் கிண்ணத்தைவிட ஆபத்தான பாத்திரம் வேறில்லை.

இறால் என்றதும் ஓர் இந்தியச் சாதனையைச் சொல்லியாக வேண்டும். இறாலை எவ்வளவு வேகவைத்தாலும் அதன் ஒவ்வாமைத் தன்மை ஏன் போவதில்லை என்ற கேள்விக்கு விடை தேடியதில் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. அங்கே பி.வி.சுப்பாராவின் குழு 1989-ல் நம் கடல் இறாலிலிருந்து வெப்பத்தைத் தாங்கும் ஒவ்வாமைப் புரதங்களைப் பிரித்தெடுத்தது. 1993-ல் அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து முக்கியக் குற்றவாளி டிரோபோமயோசின் என்ற தசைப் புரதம் என்று அடையாளம் காட்டியது. அதே குடும்பத்துப் புரதம் கரப்பான் பூச்சியிலும் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் இருக்கிறது. தூசிக்கு மூக்கு ஒழுகுபவர்களில் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இந்த உறவே காரணம் என்று கருதப்படுகிறது. சாத்தேயின் தாயகப் பகுதியிலேயே கடலையைவிட இறால்தான் பெரிய தொல்லை. சிங்கப்பூரிலும் பிலிப்பைன்ஸிலும் பள்ளி மாணவர்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வில், 14 முதல் 16 வயதுள்ளவர்களில் சுமார் 5 சதவீதம் பேருக்கு ஓடுள்ள கடல் உணவுகளால் ஒவ்வாமை இருப்பதாகத் தெரிந்தது. சிங்கப்பூர் மாணவர்களிடையே கடலை ஒவ்வாமை 1 சதவீதத்தை எட்டவில்லை.

இந்தியாவில் நிலவரம் என்ன? ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்து கர்நாடகத்தில் நடத்தி 2016-ல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு பதில் சொல்கிறது. பரிசோதித்தவர்களில் 26.5 சதவீதம் பேரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று கருதத்தக்கவர்கள் 1.2 சதவீதமே. ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக்கொண்டு நாற்பது பண்டங்களை விலக்கிவிட்டு வாடும் குடும்பங்களை துவாரகாவிலும் பார்க்கிறேன். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை அவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. தாளில் தெரிவதெல்லாம் தட்டில் தெரிவதில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. அரசின் எட்டு வகைப் பட்டியல் சர்வதேசப் பட்டியலை ஒட்டியது. நம் தட்டைப் பார்த்து எழுதியதல்ல. தில்லியில் உள்ள ஜீனோமிக்ஸ் மற்றும் ஒருங்கிணைந்த உயிரியல் நிறுவனமும் வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனமும் சேர்ந்து 2006-ல் வெளியிட்ட ஆய்வு, ஆஸ்துமாவும் மூக்கு ஒவ்வாமையும் உள்ள நோயாளிகளிடம் உளுந்து ஒவ்வாமையை ஆராய்ந்தது. ஆம், இட்லிக்கும் வடைக்கும் போடும் அதே உளுந்துதான். கொண்டைக்கடலை இத்துணைக்கண்டத்தின் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களில் ஒன்று என்று மும்பை ஆய்வாளர்கள் 2001-லேயே எழுதினார்கள். இரண்டும் பட்டியலில் இல்லை. எள்ளும் கடுகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 14 வகைப் பட்டியலில் இருக்கின்றன. எள்ளை அமெரிக்கா 2023 முதல் கட்டாயமாக்கியது. கடுகெண்ணெயில் சமைக்கும் நாட்டில், எள்ளுருண்டை செய்யும் நாட்டில், அவை இரண்டுக்கும் இடமில்லை.

நவராத்திரி வந்தால் துவாரகாவின் உணவகங்கள் பல விரதத் தட்டுக்கு மாறிவிடும். கோதுமை, அரிசி, வெங்காயம், பூண்டு கூடாது. ஜவ்வரிசிக் கிச்சடியும் குட்டு மாவுப் பூரியும் ஆகும். கிச்சடியில் கைநிறைய வறுத்த கடலை. குட்டு என்பது தமிழில் சிலர் பாப்பரை என்று சொல்லும் தானியம். ஜப்பானில் உணவு உறைகளில் ஒவ்வாமைப் பொருளாகக் கட்டாயம் குறிப்பிட வேண்டிய சரக்குகளில் அதுவும் ஒன்று. இந்தியப் பட்டியலில் இல்லை. விரதத்துக்கு ஆவது எல்லாம் உடம்புக்கும் ஆகும் என்பது நம்பிக்கை. அந்தப் பையனின் அம்மாவுக்கு ஆண்டுக்கு இருமுறை வரும் அந்த ஒன்பது நாள்கள்தான் மிகவும் பயமானவை.

கடலையைத் தினமும் தின்னும் நாட்டில் கடலை ஒவ்வாமை ஏன் ஒப்பீட்டளவில் குறைவு? சமைக்கும் விதம் ஒரு காரணமாக இருக்கலாம் என்று 2001-ல் வந்த ஒரு ஆய்வு கைகாட்டியது. வேகவைத்த கடலையையும் பொரித்த கடலையையும் விட, எண்ணெயில்லாமல் அதிக வெப்பத்தில் வறுத்த கடலை உடம்பின் எதிர்ப்பு அணுக்களை அதிகம் சீண்டுகிறது. நம் ஊரில் உப்புப் போட்டு அவித்துத் தின்கிறோம், அமெரிக்கர் வறுத்து அரைத்து வெண்ணெயாக்கித் தின்கிறார். சாத்தே குழம்பும் வறுத்த கடலைதான். இன்னொரு விளக்கம் வயதைப் பற்றியது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் கிடியன் லாக் குழு 640 குழந்தைகளை வைத்து நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆய்வு குழந்தை மருத்துவத்தையே திருப்பிப்போட்டது. எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு முதல் வயதுக்குள்ளேயே கடலை உணவு தொடங்கப்பட்டது. மீதிப் பேருக்கு ஐந்து வயது வரை தரவே இல்லை. ஆரம்பச் சருமப் பரிசோதனையில் எதிர்வினை இல்லாதவர்களில், கடலையை விலக்கியவர்களில் 13.7 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை வந்தது. சாப்பிட்டவர்களில் 1.9 சதவீதம்தான். அதுவரை 'கொடுக்காதே' என்று சொல்லிவந்த மருத்துவ உலகம் 'சீக்கிரம் கொடு' என்று மாறியது. முழுக் கடலை அல்ல, அது தொண்டையில் சிக்கும். நன்றாக அரைத்த விழுதுதான். எக்ஸிமா கடுமையாக உள்ள குழந்தையென்றால் மருத்துவரைக் கேட்ட பிறகே.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் தமிழ்க் குடும்பங்களில் இப்போது செக்கெண்ணெய் மோகம் அதிகம். ஆலையில் சுத்திகரித்த கடலெண்ணெயில் புரதம் அநேகமாக மிஞ்சுவதில்லை. செக்கில் ஆட்டியதில் மிஞ்சும். பிரிட்டனில் கடலை ஒவ்வாமை உள்ள 60 பேருக்கு இரண்டையும் கொடுத்துப் பார்த்து 1997-ல் வெளியிட்டார்கள். சுத்திகரித்த எண்ணெய் ஒருவரையும் பாதிக்கவில்லை. சுத்திகரிக்காதது 6 பேரைப் பாதித்தது. மற்றவர்களுக்கு எப்படியோ, ஒவ்வாமை உள்ள வீட்டில் 'நாட்டுச் செக்கு' எச்சரிக்கைக்குரிய சொல்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, சொல்லவேண்டிய இடத்தில் விலகிக்கொள்கிறது. பொட்டலத்தில் வரும் உணவு என்றால் எட்டு வகைகளில் எது இருந்தாலும் உறையில் அச்சிட வேண்டும். உணவகங்களுக்கான விதி 2022-ல் நடைமுறைக்கு வந்தது. உணவுப் பட்டியலில் கலோரி அளவைப் போடவேண்டும், ஒவ்வாமைத் தகவலும் தரவேண்டும். ஆனால் இது மத்திய உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கும், பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். பெரிய சங்கிலி உணவகங்கள் வலைக்குள். செக்டர் சந்தையின் மாடியில் ஒற்றைக் கடை நடத்துபவர் வெளியே. விருந்து நிகழ்ச்சிகளுக்குச் சமைத்துத் தருபவர்களுக்கு விலக்கு உண்டு. பட்டியலில் இல்லாத, இலவசமாக எடுத்துக்கொள்ளும் தொடுகறிகளுக்கும் விலக்கு உண்டு. சமுதாயக் கூடத்தில் அன்று நடந்தது விருந்துச் சமையல். பையன் தொட்டுக்கொண்டது இலவசக் குழம்பு.

சைவப் பிரச்னையில் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் இருக்கும் சுறுசுறுப்பை இதோடு ஒப்பிடத் தோன்றுகிறது. பச்சை, பழுப்புப் புள்ளிகள் 2001-லேயே வந்துவிட்டன. நிறக்குருடு உள்ளவர்களுக்காக அசைவக் குறியைப் பிற்பாடு முக்கோணமாகவும் மாற்றினார்கள். தில்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில், பசுப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மூலப்பொருள் எவ்வளவு சிறிய அளவில் இருந்தாலும் அது தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா என்பதை முழுமையாக வெளியிட உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜனவரியில், துவாரகா அடங்கிய அன்றைய தெற்கு தில்லி மாநகராட்சி, உணவகங்கள் பரிமாறும் இறைச்சி ஹலாலா, ஜட்காவா என்று பலகை வைக்கவேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆடு எப்படி வெட்டப்பட்டது என்று தெரிந்துகொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு என்றால், குழம்பில் கடலை இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் உண்டு. முதலாவது உரிமைக்காக மாமன்றத்தில் குரல் எழுந்தது. இரண்டாவதைக் கேட்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஓட்டு வங்கியாகாத அளவுக்குக் குறைவு.

அலட்சியத்துக்கு என்ன விலை என்பதை பிரிட்டனில் ஒரு வழக்கு காட்டியது. வடக்கு யார்க்‌ஷயரில் கடலை ஒவ்வாமை உள்ள 38 வயதுக்காரர் ஒருவர் 2014 ஜனவரியில் இந்திய உணவகம் ஒன்றிலிருந்து சிக்கன் டிக்கா மசாலா வாங்கினார். 'நட்ஸ் வேண்டாம்' என்று சொல்லியே வாங்கினார். செலவைக் குறைப்பதற்காகப் பாதாம் பொடிக்குப் பதில் கடலை கலந்த மலிவான பொடிக்கு உணவகம் மாறியிருந்தது. அவர் இறந்துபோனார். அதற்கு மூன்று வாரங்களுக்கு முன்புதான் அதே உரிமையாளரின் மற்றோர் உணவகத்தில் சாப்பிட்ட ஓர் இளம்பெண் மருத்துவமனைக்குப் போக நேர்ந்திருந்தது. கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்காக உரிமையாளருக்கு 2016 மே மாதத்தில் ஆறு ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. துவாரகாவில் அப்படி ஒரு வழக்கு வரவேண்டும் என்று யாரும் ஆசைப்படமாட்டார்கள்.

அதற்கு முன்பே செய்யக்கூடியது, கையில் மருந்து வைத்திருப்பது. இங்கேதான் பெற்றோர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அலர்ஜி மாத்திரையும் சிரப்பும் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கும். மூச்சுக்குழல் அடைபடுவதையோ ரத்த அழுத்தம் சரிவதையோ தடுக்காது. அதற்கு அட்ரினலின் ஒன்றே மருந்து. தொடையின் வெளிப்புறத் தசையில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வீதம், தாமதமில்லாமல் போடவேண்டும். மருந்து விலை உயர்ந்ததல்ல. மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள சாதாரண ஆம்பூல் அது. ஆனால் மேலை நாடுகளில் பள்ளிப் பையிலேயே வைத்திருக்கும், தொடையில் அழுத்தினால் போதும் என்ற பேனா ஊசி இந்திய மருந்துக் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்குகிறார்கள். அல்லது மருத்துவரிடம் கற்றுக்கொண்டு ஆம்பூலும் சிரிஞ்சும் வைத்திருக்கிறார்கள். பதறும் கைகளால் கண்ணாடி ஆம்பூலை உடைத்து, அளவு பார்த்து உறிஞ்சி, துடிக்கும் குழந்தைக்குப் போடுவது சொல்லும் அளவுக்குச் சுலபமல்ல. மூக்கில் தெளிக்கும் அட்ரினலினை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் அனுமதித்தது. ஊசி வேலை செய்து குழந்தை தெளிந்த பிறகும் சில மணி நேரம் கழித்து இரண்டாவது அலை வரக்கூடும் என்பதால்தான் மருத்துவமனையில் வைத்துப் பார்க்கிறார்கள். 'சரியாகிவிட்டது, வீட்டுக்குப் போகலாம்' என்று அவசரப்படும் அப்பாக்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விருந்துக்குப் பின் வந்த வாரங்களில் துவாரகாவின் வெவ்வேறு செக்டர்களில், சாத்தே பரிமாறும் ஐந்து சிறிய உணவகங்களில் ஏறி இறங்கினேன். குழம்பில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். மூன்று இடங்களில் பரிமாறுபவருக்குத் தெரியவில்லை. அவர்களில் இருவர் 'வெஜ்தான் சார்' என்று உறுதியளித்தார்கள். நான்காவது இடத்தில் உள்ளே போய்க் கேட்டுவந்து, கடையில் வாங்கும் கடலை வெண்ணெயும் சோயா சாறும் என்றார். ஐந்தாவது இடத்தில் மட்டும் என்ன காரணத்துக்காகக் கேட்கிறேன் என்று திருப்பிக் கேட்டார்கள். சரியான கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அதைக் கேட்கும்படி யாரும் அவர்களுக்குப் பயிற்சி தரவில்லை. உரிமையாளரின் தங்கை மகளுக்குப் பால் ஆகாதாம், அதனால் தெரிந்திருக்கிறது.

பையனின் அம்மா இப்போது 'நட்ஸ்' என்ற சொல்லையே கைவிட்டுவிட்டார். பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டையில் இந்தியில் மூன்று வரிகள் எழுதிவைத்திருக்கிறார்: மூங்ஃபலி, மூங்ஃபலி வெண்ணெய், மூங்ஃபலி எண்ணெய். மூன்றில் எது பட்டாலும் பையனுக்கு மூச்சு நின்றுவிடும் என்று அதன் கீழே. பரிமாறுபவரிடம் பேசுவதில்லை. அட்டையைக் கொடுத்துச் சமையல்காரரிடம் காட்டச் சொல்கிறார். பாதி இடங்களில் அட்டை அப்படியே திரும்பி வருகிறது, தலையசைப்போடு.

போன மாதம் ஒரு சின்னக் கடையில் அது எண்ணெய்க் கறையோடு திரும்பி வந்தது. சமையல்காரர், மலைப் பகுதியிலிருந்து வந்த பையன், சாத்தே குழம்பைத் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அட்டையின் பின்புறத்தில் பேனாவால் இன்னொரு வரியும் எழுதியிருந்தார், யாரும் கேட்காமலே: மோமோ சட்னியிலும் கடலை இருக்கிறது.